தென்னேரிச் சாலையில் மிதந்த தொட்டி

அருள்,

உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி போன வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது. பிழை பார்த்துத் திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாய். பார்த்தேன். எழுத்துப் பிழை இரண்டு இருக்கிறது, பென்சிலால் சுழித்திருக்கிறேன். மூன்றாவது பிழையைச் சுழிக்க முடியவில்லை. அது அங்கே இல்லாத ஒரு பெயர். தாய்மாமன் என்று ஒரு வரி வர வேண்டிய இடத்தில் நேராக நண்பர்களும் உறவினர்களும் வந்துவிட்டார்கள். அச்சகத்துக்காரன் விட்டுவிட்டான் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அதனால்தான் உடனே உனக்குப் போன் போட்டேன்.

“மாமா பேரு எங்கடா?” என்று கேட்டேன். நீ, “மா, எங்க எம்டி வர்றாரு மா. முன் வரிசையில உக்காருவாரு. மாமாவ மேடையில பாத்தா அவருக்கு ஒரு மாதிரி ஆயிடும். மாமாவுக்கும் சங்கடம்தானே. கல்யாணம் முடிஞ்சி ஒரு நாள் அவங்களுக்குத் தனியா விருந்து வெச்சிடலாம்” என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்தேன் என்று நினைத்திருப்பாய். சரியாகத்தான் நினைத்திருக்கிறாய். ஆனால் அந்தக் கோபம் பத்திரிகை வந்த அன்று தொடங்கியது இல்லை. தென்னேரிச் சாலையில் அந்தத் தொட்டி எப்படி மேலே வந்தது என்பது மூன்று வாரமாக எனக்குத் தெரியும். நீயாக வாய் திறப்பாய் என்று காத்திருந்தேன். தினமும் போனில் சமையல்காரர், வேன், மெர்சியின் கல்யாணப் புடவை என்று எல்லாம் பேசினாய். அதைப் பேசவில்லை. இப்போது உன் மாமாவின் பெயரையே எடுத்துவிட்டாய். இனிமேல் நான் காத்திருக்கப் போவதில்லை.

உன் மாமா யாரோ ஒரு மேஸ்திரி என்பதுபோல நீ பேசினதால், உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன். மாணிக்கம் என் உடன்பிறந்த தம்பி. மாகறலில் எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டு, களை எடுத்துத்தான் எங்களை வளர்த்தார்கள். நான் படித்தேன், அவன் எட்டாவதோடு கொத்து வேலைக்குப் போனான். அதை அவன் தியாகம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, அவனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கிணற்று வேலையில்தான் முதலில் பழகினான். உறை வளையம் இறக்குவது, ஊற்று வரும் குழியில் நின்று கல் வைப்பது, இதெல்லாம் இருபது வயதிலேயே அவனுக்குக் கைவந்துவிட்டது. பூமிக்கடியில் தண்ணீர் என்ன செய்யும் என்பதை அவன் இடுப்பளவுச் சேற்றில் நின்று தெரிந்துகொண்டவன்.

உனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். ஆறாவது முடித்த கோடை விடுமுறையில் ஊர்க் கிணற்றில், காலி எண்ணெய் டின்னின் வாயை மெழுகு வைத்து அடைத்து, உன் முதுகில் கயிறு போட்டுக் கட்டி இறக்கிவிட்டான். நான் மேலே நின்று வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருந்தேன். நீ தலையை வெளியே வைத்துக்கொண்டு மிதந்தாய். “நான் எப்படி மாமா முழுகல?” என்று கேட்டாய். “அந்த டின்னு அதும் அளவுக்குத் தண்ணியத் தள்ளிக்கினு இருக்குதுபா. தள்ளுன தண்ணி சும்மா இருக்குமா, டின்ன மேல தூக்குது. டின்னுக்குள்ள தண்ணி பூந்துச்சின்னா தூக்காது, நீயும் டின்னும் சேந்து கீழ போவீங்க” என்றான். நான் அப்போதே பத்து வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு மிதத்தல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். அதைவிடத் தெளிவாக என் வகுப்பில் நான் சொன்னதில்லை.

ஒன்பதாவது படிக்கும்போது அதே பாடத்தை நம் வீட்டுக் கொல்லையில் உனக்கு நான் நடத்தினேன். பக்கெட் நிறையத் தண்ணீர், ஒரு எவர்சில்வர் டம்ளர். காலி டம்ளரை நிமிர்த்தியபடி அமுக்கச் சொன்னேன். அமுக்க அமுக்கக் கையை எதிர்த்துத் தள்ளுகிறது என்றாய். கையை எடுத்தாய், மேலே வந்தது. அதில் தண்ணீரை ஊற்றினேன், போய் அடியில் உட்கார்ந்தது. அதே டம்ளர், அதே எவர்சில்வர். ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ அவ்வளவு தண்ணீரின் எடை அதை மேல்நோக்கித் தள்ளும். பொருளின் எடை அதைவிட அதிகமாக இருந்தால் மூழ்கும், குறைவாக இருந்தால் மிதக்கும். இரும்பா, கல்லா, கான்கிரீட்டா என்று தண்ணீர் விசாரிப்பதில்லை. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நீ முழு மதிப்பெண் வாங்கினாய். விடைத்தாளை நான் பீரோவில் வைத்திருந்தேன். போன வாரம் எடுத்துக் கிழித்துப் போட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நீ என்னிடம் சொன்னதை இப்போது உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். காலேஜ் முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தென்னேரிச் சாலையில் ஒரு மாணவர் விடுதி கட்டும் வேலைக்கு உன் கம்பெனி உன்னை இன்ஜினியராகப் போட்டது. நீ மாமாவை மேஸ்திரியாக வைத்துக்கொண்டாய். மாமனும் மருமகனும் ஒரே சைட்டில் என்று நான் ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் நீ போனில் அழுதாய். “மா, மாமா என்னக் கேக்காம சம்ப்புல இருந்த தண்ணியெல்லாம் மோட்டார் வெச்சி எடுத்துட்டாரு. தொட்டி அப்படியே பூமியவிட்டு ரெண்டடி மேல வந்துடுச்சி மா. பைப்பெல்லாம் ஒடஞ்சி போச்சி. என் வேலையே போயிருக்கும்” என்றாய். நிலத்துக்கடியில் புதைத்த அத்தனை பெரிய கான்கிரீட் தொட்டி மேலே வருமா என்று கேட்பவர்கள் கேட்பார்கள். நான் கேட்கவில்லை. சுற்றியிருக்கிற மண்ணில் தண்ணீர் நிரம்பிவிட்டால் காலித் தொட்டியும் காலி டம்ளரும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் போனது, என் தம்பிக்கும் அது தெரியுமே என்பது. கிணற்றில் டின்னைக் கட்டினவன் அவன்தான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. என் மகன் அழுகிறான் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது அவன் கேட்டுக்கு வெளியே சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. “எட்டாவது படிச்சவனுக்கு இன்ஜினியர் எதுக்குன்னு ஆயிடுச்சா? என் புள்ள பேரக் கெடுத்துட்டியே. இனிமே அவன் வேல பாக்கற எடத்துப் பக்கம் போவாத. இங்கயும் வராத” என்றேன். எதிர்வீட்டில் தறி போட்டுக்கொண்டிருந்தவர்கள் தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். மூன்று கிறிஸ்துமஸ் போனது. அவன் மனைவி வந்து கேக் கொடுத்துவிட்டுப் போவாள், அவன் வரமாட்டான். அவனுக்குக் குற்ற உணர்ச்சி, அதனால் வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த மூன்று வருடத்தில் நீ சென்னைக்கு மாற்றலாகி, ப்ராஜெக்ட் மேனேஜர் ஆகி, கார் வாங்கி, மெர்சியைப் பார்த்து நிச்சயமும் செய்துகொண்டாய். அவனை வாலாஜாபாத் வரைக்கும் ‘மெதக்குற மேஸ்திரி’ என்று கூப்பிட்டார்கள். பெரிய கட்டடம் கட்டுகிறவர்கள் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டுவது, இடிந்த சுற்றுச்சுவருக்குப் பூசுவது, இதுதான் அவன் வேலை.

இந்த ஜூன் மாதம், மூன்று வாரத்துக்கு முன்னால், எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குச் சேர்க்கை நடந்தது. விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுக்க என்னை உட்கார வைத்திருந்தார்கள். ஒரு அம்மா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையெழுத்துப் போடும்போது தாளைப் பிடித்திருந்த இடது மணிக்கட்டு கோணலாக இருந்தது. என்ன ஆயிற்று என்று சும்மா கேட்டேன். “சித்தாள் வேல செய்யறேன் டீச்சர். தென்னேரி ரோட்டுல ஒரு தொட்டி மெதந்துச்சே, அதுல இருந்தேன். ஏணி சறுக்கி உட்டுடுச்சி” என்றாள். அவள் பெயர் செல்வி. உனக்கு அவளைத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவும் உன் கணக்கில் ஒன்று.

நான் பேனாவை வைத்துவிட்டேன். “அந்த மேஸ்திரி ஏன் தண்ணியெல்லாம் எடுத்தாரு?” என்று கேட்டேன். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. “மேஸ்திரியா எடுத்தாரு? சார்தான் டீச்சர் எடுக்கச் சொன்னாரு. அங்க செல்போனுக்கு டவர் கெடைக்காது. மணல் குவிச்சி வெச்சிருந்தாங்க பாருங்க, அதும் மேல ஏறி நின்னாத்தான் கெடைக்கும். சார் அதும் மேல நின்னுக்கினு கத்திப் பேசுவாரு, எங்க எல்லாருக்கும் கேக்கும். ‘சரி சார், இன்னிக்கே காலி பண்ணிடறேன் சார், உள்ள கழுவி சுண்ணாம்பு அடிச்சிடறேன் சார்’னாரு. விடுதிக்காரங்க பாக்க வர்றாங்கன்னு ஓனரு அவசரப்படுத்துனாரு போல. எறங்கி வந்து மேஸ்திரியாண்ட, மோட்டாரப் போடுங்க மாமான்னாரு.”

“மேஸ்திரி என்ன சொன்னாரு?”

“வேணாம்னாரு. ‘நாலு நாளா ஊத்துது, ஏரி ரொம்பிக் கலங்கல்ல வழிஞ்சி போவுதுபா. மண்ணுக்குள்ள தண்ணி மேல வந்துடுச்சி. உள்ள தண்ணி இருந்தாத்தான் தொட்டி குந்தும். மழ உட்டதும் எடுத்துக்கலாம்’னாரு. ரெண்டு தபா சொன்னாரு. சார் சிரிச்சாரு. ‘கான்கிரீட்டு எங்கியாவது மெதக்குமா மாமா’ன்னு கேட்டாரு.”

அருள், இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தை என்னால் எழுத முடியாது. என் வயிற்றில் பிறந்து, என் கையால் பாடம் படித்து, ஐந்து வருடமாக இன்ஜினியர் என்று கையெழுத்துப் போடுகிறவன், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சிரிக்கிற கேள்வியை, பதில் தெரிந்த ஒருவனிடம் கேலியாகக் கேட்டிருக்கிறாய். குழி வெட்டும்போதே அவன் எச்சரித்தானாம். மோட்டாரை நிறுத்தினால் அரை மணியில் முழங்கால் அளவு ஊற்று வந்து நிற்கிறது, அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே சுற்றிலும் ஒரு அடி நீட்டிப் போடலாம், அதன் மேல் மண் உட்கார்ந்து அழுத்திக்கொள்ளும் என்றானாம். ட்ராயிங்கில் இல்லை என்று நீ சொல்லிவிட்டாய்.

அன்றைக்கு மோட்டார் மதியம் வரை ஓடியது. செல்வியை உள்ளே இறக்கித் துடைப்பத்தால் கழுவச் சொன்னார்கள். உன் மாமா மேலே, தொட்டி வாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தானாம், சாப்பிடக்கூடப் போகாமல். மூன்று மணி வாக்கில் சுவர் ஓரம் பைப் முறிகிற சத்தம் கேட்டது. செல்வி சொன்னாள், “தரை ஆடுச்சி டீச்சர். படகுல நிக்கிற மாதிரி இருந்துச்சி. மேஸ்திரி கத்துனாரு, ஏறு ஏறுன்னு. ஏணி சாஞ்சி போச்சி. அவரு வயித்த வெச்சிப் படுத்துக்கினு என் கையப் புடிச்சி மேல இழுத்தாரு.” ஏணியோடு விழுந்ததில்தான் அவள் மணிக்கட்டு முறிந்தது. அவன் மட்டும் சாப்பிடப் போயிருந்தால், பக்கத்து மண் சரிந்து தொட்டி வாய் வழியாகச் சேறும் தண்ணீரும் இறங்கியபோது அவள் உள்ளே இருந்திருப்பாள். இதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. உள்ளே ஒரு பெண் இருந்தாள் என்பதையே மூன்று வருடமாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை உன் முதலாளியும், அதே எம்டிதான், விடுதிக்காரர்களும் வந்தார்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்ற தொட்டியைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். ஆட்கள் எட்டுப் பேரும் நின்றார்கள், கையில் கட்டோடு செல்வியும். யார் தண்ணீரை எடுக்கச் சொன்னது என்று உன் முதலாளி கேட்டார். மணல் குவியல் மேல் நின்று நீ பேசியது யாரோடு? அவரோடுதானே? அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் எல்லோர் முன்னாலும் கேட்டார், தான் தப்பிப்பதற்காக. நீ, “மேஸ்திரி என்னக் கேக்காம எடுத்துட்டாரு சார்” என்றாய். உன் மாமா உன்னைப் பார்த்தானாம். நீ பைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். பிறகு அவன், “ஆமா சார், நான்தான்” என்றான். அவன் சார் என்றது உன் முதலாளியை இல்லை, உன்னைப் பார்த்து என்றாள் செல்வி. உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவன்.

அன்று பள்ளி முடிந்ததும் காலி வகுப்பறையில் உட்கார்ந்து கரும்பலகையில் கணக்குப் போட்டேன். செல்வி தொட்டியை இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம், எட்டடி ஆழம் என்று காலால் அளந்து காட்டியிருந்தாள். சுவர் அரையடி கனம் என்று வைத்தால் காலித் தொட்டியின் எடை முப்பத்தைந்து டன் அருகில் வருகிறது. அது முழுதும் தண்ணீரில் நின்றால் ஒதுக்குகிற தண்ணீர் ஐம்பத்துநான்கு டன். எட்டடியில் ஐந்தரையடி வரைக்கும் வெளியே தண்ணீர் ஏறினாலே போதும், தொட்டி கிளம்பிவிடும். உள்ளே தண்ணீர் இருந்திருந்தால் மொத்த எடை எழுபத்தைந்து டன்னுக்கு மேல், நகர்ந்திருக்காது. ஈர மண்ணின் பிடி கொஞ்சம் தாமதப்படுத்தும், அதனால்தான் மூன்று மணி வரை தாங்கியது. நாலு வரியில் முடிகிற கணக்கு. இந்த நாலு வரியை மூன்று வருடத்துக்கு முன்னாலேயே நான் போட்டிருக்கலாம். போட்டிருந்தால், இது தெரியாமல் எடுக்கிற ஆள் மாணிக்கம் இல்லை என்று அப்போதே புரிந்திருக்கும்.

நீ தப்பாகக் கணக்குப் போட்டதற்காக நான் கோபப்படவில்லை. உனக்கு இருபத்துநான்கு வயது, முதலாளி போனில் விரட்டுகிறார், பயந்திருப்பாய். எத்தனையோ கட்டடத்தில் எத்தனையோ பேர் செய்கிற பிழை. தொட்டியை மறுபடி தோண்டிப் போட்டுவிட்டார்கள், இப்போது பிள்ளைகள் அதிலிருந்துதான் குளிக்கிறார்கள். என் கோபம் நீ மறுநாள் காலை சொன்ன அந்த ஒரு வாக்கியத்தின் மேல். அதைவிட, அதற்குப் பிறகு வந்த ஆயிரம் நாளின் மேல். பயத்தில் ஒருமுறை பொய் வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு நாளும் எழுந்து பல் தேய்த்து, சட்டை போட்டுக்கொண்டு, அந்தப் பொய்யை அப்படியே வைத்திருப்பதற்குப் பயம் போதாது. அதற்கு வேறொன்று வேண்டும். அவன் நம் ஆள்தானே, கேட்கமாட்டான் என்கிற எண்ணம் வேண்டும். நம் குடும்பத்தை எத்தனை காலம் எத்தனை பேர் அப்படி நினைத்தார்கள் என்று உனக்குத் தெரியாதா? மேலே ஏறி வந்த முதல் தலைமுறையிலேயே நீ அதைக் கற்றுக்கொண்டுவிட்டாய்.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பதில் என்னிடமே இருந்தது. நீ எட்டாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை எங்கள் பள்ளி லேபுக்கு என்னோடு வந்தாய். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற கண்ணாடிக் குழாய் இருக்குமே, அடியில் ஈயக் குண்டு வைத்தது, பாலில் விட்டால் செங்குத்தாக மிதந்து நிற்கும். லேபில் அது ஒன்றுதான் இருந்தது. அதை நீ கீழே போட்டு உடைத்துவிட்டாய். திங்கட்கிழமை தலைமையாசிரியை கேட்டபோது நான் நேராகப் பதில் சொல்லவில்லை. “தூசி தட்டும்போது என்னமோ சத்தம் கேட்டுதுன்னாங்க” என்று மட்டும் சொன்னேன். லேபைத் தூசி தட்டுகிறவர் அட்டெண்டர் சரஸ்வதி. அவருக்கு மெமோ கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் என்னை அழைத்துப் போக நீ பள்ளிக்கு வந்திருந்தாய். அந்த அம்மா வாசலில் நின்று அழுவதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அன்று உனக்கு நான் நடத்தியதும் ஒரு பாடம்தான், அதிலும் நீ முழு மதிப்பெண் வாங்கிவிட்டாய்.

போன சனிக்கிழமை சரஸ்வதி அம்மாவைத் தேடி திருப்பருத்திக்குன்றத்துக்குப் போனேன். ஓய்வு பெற்று மகளோடு இருக்கிறார். நின்றபடியே சொன்னேன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார், கையை நிறுத்தவில்லை. “தெரியும் டீச்சர். அப்பவே தெரியும். உங்க பையன் கைய நீங்க இழுத்துக்கினு போனீங்களே, அப்பவே தெரிஞ்சிக்கினேன்” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். “கேட்டுட்டீங்க, சரி” என்றார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. உனக்கும் ஆகாது, அதை முன்கூட்டியே தெரிந்துகொள். லேசாவதற்காகச் செய்கிற காரியம் இல்லை இது.

மறுநாள் மாகறலுக்குப் போனேன். மாணிக்கம் வாசலில் பூச்சுக் கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். செல்வி சொன்னதைச் சொன்னேன். அவன் தலையை நிமிர்த்தாமல், “இப்போ எதுக்கு அக்கா அது” என்றான். நான் அழுதுவிடுவேன் என்று நினைத்து வந்திருந்தேன், ஆனால் அவன் என்னை அழவிடவில்லை. “நீ என்ன ஒரு தபா கூட கேக்கலியே. ‘டேய் மாணிக்கம், நீயாடா எடுத்த’ன்னு ஒரு வார்த்த. கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சில்ல பேசுன” என்றான். ஏன் ஆமாம் என்று சொன்னாய் என்று கேட்டேன். “அந்த நேரத்துல அவனக் காப்பாத்தணும்னு தோணுச்சி, சொல்லிட்டேன். சாயங்காலமே வந்து ஒரு வார்த்த பேசுவான்னு பாத்தேன். வரல. ஒரு வாரம் பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன். அப்பறம் பாக்கறத உட்டுட்டேன்” என்றான்.

பத்திரிகையில் அவன் பெயர் இல்லாததையும் நீ போனில் சொன்ன காரணத்தையும் சொன்னேன். “கல்யாணத்துக்கு நீ வரணும், பத்திரிகையில உன் பேரப் போடச் சொல்றேன்” என்றேன். அவன் சிரித்தான், நல்ல சிரிப்பு இல்லை. “போட்டாலும் வரமாட்டேங்கா. முன் வரிசையில யாரு உக்காந்தா எனக்கு என்ன. அவன் என்னாண்ட வந்து மன்னிப்புக் கேக்கறதும் வேணாம், அத வெச்சிக்கினு நான் என்ன பண்ணப் போறேன். அன்னிக்கு எட்டுப் பேரு நின்னாங்க. எல்லாம் என்னாண்ட வேல கத்துக்கினவங்க. மெதக்குற மேஸ்திரி ஆளுங்கன்னு அவங்களையும் ஒருத்தனும் கூப்புடறதில்ல. நான் அவங்களுக்குத் தப்பா ஒண்ணும் கத்துக்குடுக்கல. அத அவன் வாயால, அவங்க முன்னால சொல்லட்டும். அதுக்கப்பறம் வேணும்னா பத்திரிக எடுத்துக்கினு வரட்டும், பாக்கலாம்” என்றான்.

அவன் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. இத்தனை கோபம் அவனிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் நம் இரண்டு பேருக்கும் இருந்ததில்லை, அதுதான் காரணம். செல்வியிடம் அவள் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதலாமா என்று கேட்டேன். முதலில் பயந்தாள். பிறகு, “எழுதுங்க டீச்சர், நான் என்ன பொய்யா சொன்னேன்?” என்றாள்.

ஆகவே நான் சொல்வதைக் கேள். உன் கம்பெனிக்கு நான் எழுதப் போவதில்லை. அதை எழுத வேண்டியவன் நீ, உன் மேஜையில் பேப்பர் இருக்கிறது. ஆனால் அந்த எட்டுப் பேரிடம் சொல்வதை நான் தள்ளிப்போட விடமாட்டேன். வருகிற வியாழக்கிழமை மாணிக்கம் வாலாஜாபாத்துக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் வேலையில் இருப்பான். எட்டில் ஆறு பேர் அவனோடுதான் இருக்கிறார்கள், செல்வியும் சேர்த்து. மீதி இரண்டு பேருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பத்தரை மணிக்கு டீ வரும், எல்லோரும் ஓரிடத்தில் உட்காருவார்கள். அந்த நேரத்தில் நீ அங்கே இருக்க வேண்டும். காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வா. ‘மாமா எடுக்க வேண்டாம் என்றார், நான்தான் எடுக்கச் சொன்னேன், மறுநாள் பொய் சொன்னேன்’ என்று சொல். மூன்றே வாக்கியம். காரணம் சொல்லாதே, முதலாளி விரட்டியதைச் சொல்லாதே, அழாதே. நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், நானும் அங்கே இருப்பேன். கேட்டுக்கு வெளியே நிறுத்திப் பேசியதைப் பற்றி நானும் அவர்கள் முன்னால் சொல்ல வேண்டியது இருக்கிறது. உனக்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை மெர்சி தறியில் இருக்கிற புடவையைப் பார்க்கப் பிள்ளையார்பாளையத்துக்கு வருகிறாள். மதியம் என்னோடு சாப்பிடுகிறாள். வருவதற்கு முன்னால் அவளுக்கு எல்லாவற்றையும் நீ சொல்லியிருக்க வேண்டும், செல்வி உள்ளே இருந்ததையும் சேர்த்து. நல்ல பெண், நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். யாரைக் கட்டிக்கொள்கிறோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். நீ சொல்லியிருக்கிறாயா என்று நான் அவளைக் கேட்கமாட்டேன். சோறு போட்டுவிட்டு எதிரில் உட்காருவேன். அவளுக்குத் தெரியவில்லை என்று பட்டால், அவள் கை கழுவும்வரை பொறுத்திருந்து, நானே சொல்லிவிடுவேன்.

உன் அம்மா